ஓடையில் கரைக்காத சாம்பல்

ஜனவரி பிறந்து இரண்டாம் கிழமை. லண்டன் டூட்டிங்கில் எங்கள் தெரு முழுக்கக் கிறிஸ்மஸ் மரங்கள் வாசலுக்கு வெளியே வந்துவிட்டன. கவுன்சில் லொறி வந்து அள்ளிப்போகும்வரை அவை நடைபாதையிலேயே கிடக்கும். நேற்று வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தபோது மழை விட்டிருந்தது. யாரோ ஒரு மரத்தை மிதித்துக் கிளை ஒடிந்து, பிசின் மணம் அந்த இடமெல்லாம் பரவியிருந்தது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

நீ கூட இருந்திருந்தால் குனிந்து நாலு ஊசியிலையைக் கிள்ளி, விரலுக்குள் நசுக்கி, முதலில் உன் மூக்குக்கும் பிறகு என் மூக்குக்கும் கொண்டுவந்திருப்பாய். “என்ன மரம், சொல்லு பார்ப்போம்” என்று கேட்டிருப்பாய். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன். உனக்கு அந்தக் கூச்சமெல்லாம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சட்டனில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைவாசலில் விற்பனைக்கு நிறுத்தியிருந்த மரத்தையே கிள்ளிப் பார்த்துக் கடைக்காரனிடம் பேச்சு வாங்கியவள் நீ.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இறந்தவர்களுக்கு எழுதுவதெல்லாம் வேறு வேலையில்லாதவர்கள் செய்வது என்று நினைப்பவள் நான், உனக்குத் தெரியும். ஆனால் உன்னோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. உன் சாம்பலை, நாம் வருடா வருடம் போன அந்த மலை ஓடையில் கரைக்கச் சொல்லி வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போனாய். கரைக்க விடாமல் குறுக்கே நின்றவள் நான். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நாம் முதலில் சந்தித்தது தென் லண்டனில் ஒரு மண்டபத்தில், சனிக்கிழமைகளில் நடந்த தாவரம் அறியும் வகுப்பில். நம் இருவரையும் தவிர அங்கே எல்லோரும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள். நான் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். நீ பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற எஞ்சினியர். தேநீர் இடைவேளையில் நான் தொலைபேசியில் யாரிடமோ “ஓம், வாறன்” என்று சொன்னது உன் காதில் விழுந்ததாம். நேரே வந்து, பெயரைக்கூடக் கேட்காமல், “உங்க ஊர்ல ஆறு உண்டா?” என்றாய்.

“யாழ்ப்பாணத்தில ஒண்டு இருக்கு. மழை பெய்தால்தான் ஆறு” என்றேன்.

“மதுரையும் அப்படித்தான். ஆத்துல இறங்கினா கால்ல மண்ணுதான் ஒட்டும்” என்று சொல்லி, மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய். தண்ணீர் ஓடாத ஊர்க்காரிகள் இரண்டு பேர் அன்றைக்கே கூட்டாளிகள் ஆனோம். கொஞ்சக் காலம் ‘நீங்கள்’ போட்டுப் பேசினோம். ஒரு நாள் மழையில் என் குடையை நீ பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தபோது நான் திட்டிய திட்டில் அந்த ‘நீங்கள்’ எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. பிறகு நாம் இருவரும் அதைத் தேடவில்லை.

வகுப்பு முடிகிற சமயத்தில், மலைக்காடுகளைக் கவனித்துவரும் ஒரு தொண்டு அமைப்பு ஆள் தேடியது. ஒவ்வொரு கோடையிலும் ஒரே இடத்துக்குப் போய், அங்கே என்னென்ன வளர்கிறது, எது கூடியது, எது குறைந்தது என்று பதிந்து கொடுக்க வேண்டும். மற்றவர்கள் லண்டனுக்குக் கிட்டவாக உள்ள இடங்களை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது ஸ்கொட்லாந்தில், கார் போகாத ஒரு பள்ளத்தாக்கு. நான் வேண்டாம் என்று உன் முழங்கையை இடிப்பதற்குள் நீ கையைத் தூக்கிவிட்டாய். அந்த ஓடையின் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். எழுதினால் யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

முதன்முதலாக அங்கே போய் நின்றபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் பச்சை, எல்லாம் ஈரம், காதுக்குள் தண்ணீர் இரைச்சல், முகமெல்லாம் சின்னக் கொசு. நீதான் ஓடையிலிருந்து மேலே மேலே கையைக் காட்டிப் பிரித்தாய். ஓடை நடுவே, வெள்ளத்தில் மூழ்கி எழும் பாறைகள். அவற்றின் நிழல் பக்கத்தில் நகக்கண்ணைவிடச் சின்ன இலை கொண்ட பாசிகள். கரையில் வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன கூழாங்கல் திட்டு, அதில் அடுத்த வெள்ளம் வரும்வரை மட்டுமே ஆயுள் உள்ள வில்லோ கன்றுகள். அதற்கு மேலே, வேரைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஓல்டர் மரங்கள். அவற்றுக்குப் பின்னால் பேர்ச், ரோவன் மரங்கள், காலடியில் பன்னங்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் மண் கறுத்து, அமிலம் ஏறிப் புளித்துப் போயிருக்கும். அங்கே முதிய பைன்கள், அவற்றின் கீழே நீலக்கனிப் புதர். வருடா வருடம் இலையைக் கொட்டிவிடும் மரமும் எப்போதும் ஊசியிலையோடு நிற்கும் மரமும் ஒரே சரிவில், ஒன்றின் நிழலில் ஒன்று.

“மரத்தைப் பார்க்காத. யார் யாரோட இருக்காங்கன்னு பாரு” என்றாய். தாவரச் சமூகம் என்று வகுப்பில் படித்த சொல் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ஓல்டரைக் கண்டால் அதன் கீழே யார் இருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். பைனின் கீழே இருப்பவள் ஓல்டரிடம் குடிவர மாட்டாள். வெள்ளம் சத்தைக் கொண்டுவந்து கரைக்குக் கொடுக்கிறது, மேலே உள்ளவர்கள் சத்தே இல்லாத மண்ணில் வாழப் பழகியவர்கள். யாருக்கும் யாருடைய இடத்தின் மீதும் பொறாமை இல்லை. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து குடியேறிய நமக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க ஏனோ பிடித்திருந்தது.

வேலை செய்வதற்கு நமக்கென்று ஒரு முறை வைத்திருந்தோம். கயிற்றால் சதுரம் போட்டு, ஒரு செடி அந்தச் சதுரத்தின் பத்தில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்று இருவரும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். ஒருவர் சொன்னால் மற்றவர் அதற்கு இழுபடுவார் என்று, முதுகுக்குப் பின்னால் விரலை மடக்கி வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் நீட்டுவோம். ஒருபோதும் ஒத்துப்போகாது. உடனே சண்டை தொடங்கும். நீ எஞ்சினியர் கண்ணால் நிலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டுவாய். நான் நுணுக்குக்காட்டியில் இரத்த அணுக்களைப் பார்த்துப் பழகிய கண்ணால் சின்னச் சின்னப் பாசிகளுக்கெல்லாம் பங்கு கேட்பேன். நீ பெரணி என்பாய், நான் பன்னம் என்பேன், தாளில் லத்தீன் பெயரை எழுதிச் சமாதானமாவோம். நமக்கு முன்பு அந்தப் பள்ளத்தாக்கில் அவ்வளவு உரத்துத் தமிழ் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொரு விஷயத்தில் நீ கொடுங்கோலரசி. காட்டுக்குள் காலடி வைக்கும் முன்பு, கார் நிறுத்துமிடத்தில் பூட்ஸைக் கழுவ வேண்டும். மண், விதை, மரத்தைக் கொல்லும் பூஞ்சணம், எதுவும் நம் காலோடு உள்ளே போய்விடக் கூடாது. எல்லோரும் தண்ணீரை ஊற்றி அலம்புவார்கள். நீ பழைய பல்துலக்கியால் அடிப்பாகத்துப் பள்ளமெல்லாம் தோண்டி, மருந்து தெளித்து, காயும்வரை என்னைக் கல்லில் உட்காரவைப்பாய். “நான் ஆஸ்பத்திரியில வேலை செய்றன். எனக்குக் கிருமியைப் பற்றி நீ சொல்லித்தராத” என்று நான் முறைத்தாலும் விடமாட்டாய். “உள்ள போறப்ப நாம கொண்டுபோறது நம்ம ரெண்டு கண்ணை மட்டும்தான்” என்பாய்.

அப்படி ஒரு கோடையில்தான் அந்த நெட்டில் கூட்டத்தைக் கண்டோம். தொட்டால் தடித்து எரியும் நம் ஊர்க் காஞ்சோண்டியின் சொந்தக்காரி. பைன்களின் கீழே, புளித்த மண்ணில், அவள் நிற்கவே கூடாத இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குச் செழித்து நின்றாள். சுற்றிவர இருந்த பாசி கருகியிருந்தது. நெட்டிலுக்குச் சத்து வேண்டும். அங்கே ஆடு இல்லை, பழைய குடிசை இல்லை, வெள்ளமும் அவ்வளவு மேலே ஏறாது. சத்து எங்கிருந்து வந்தது? நீ முழங்காலில் உட்கார்ந்து கையுறையோடு மண்ணைக் கிளறினாய். வெள்ளையாகக் குறுணல் போல ஏதோ வந்தது. பக்கத்தில், பூங்கொத்தைக் கட்டும் மெல்லிய கம்பித் துண்டு ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

நீ தொப்பியைக் கழற்றினாய். “இங்க யாரோ இருக்காங்கடி” என்றாய்.

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. யாரோ ஒருவரின் சாம்பலை அவருக்குப் பிடித்த இடம் என்று சுமந்துவந்து தூவியிருக்கிறார்கள். எரிந்த எலும்பில் இருக்கும் சுண்ணமும் உப்பும் சத்தும் அந்த மண் தன் வாழ்நாளில் கண்டிராதவை. பாசி செத்தது, நெட்டில் வந்தது. தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு நீ வழக்கம்போலக் கயிற்றை எடுத்தாய். வந்தவர்களையும் பதியத்தான் வேண்டும் என்றாய். திரும்பி வரும் ரயிலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “பாவம், பிடிச்ச இடம்னு கொண்டுவந்திருப்பாங்க. அந்த இடத்துக்குத்தான் இது பிடிக்கல” என்றாய். இதைச் சொன்னவள் நீ. அதனால்தான் உன் மேல் எனக்குக் கோபம்.

உன் வயிற்றில் கட்டி வளர்வது வசந்தத்தில் தெரிந்தது. இலையுதிர் காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கோடையில் நாம் ஓடைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் வரும்போதெல்லாம் நீ அதைத்தான் கேட்பாய்.

“இந்த வருஷம் யாரு போறாங்க?”

“ஒருத்தரும் இல்லை. நீ எழும்பி வா, போவம்.”

“ஒரு வருஷம் விட்டா ஒண்ணும் ஆகாது. மரத்துக்கு என்ன அவசரம்” என்பாய். பிறகு கண்ணை மூடிக்கொள்வாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்திருப்பேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக்காரரிடமும் மகள் நந்தினியிடமும் மட்டும் சொன்னாய், என் சாம்பலை அந்த ஓடையில கரைச்சிடுங்க என்று. என்னிடம் சொன்னால் ஏலாது என்பேன், காரணமும் சொல்வேன், அந்தக் காரணம் உனக்கே தெரிந்ததுதான். அதனால் என்னை விட்டுவிட்டாய். அப்படித்தானே?

ஏன் கேட்டாய் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். வலிக்குக் கொடுத்த மருந்தில் சொன்னாய் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். அது பொய். உனக்குப் பயமாக இருந்திருக்கும். போகிற இடம் தெரிந்த இடமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். பாசியைப் பற்றி எல்லாம் தெரிந்தும் கேட்டாய் என்றால், எவ்வளவு ஆசையோடு கேட்டிருப்பாய். இது விளங்கியபிறகு எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

போன ஏப்ரலில் அண்ணை தொலைபேசி எடுத்தார். உன் வீட்டுக்காரரை நான் அண்ணை என்று கூப்பிடுவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். ஊசி போடும்போதுகூட நோயாளியிடம் அனுமதி கேட்கிற டாக்டர், அப்படிப்பட்ட மனிதர். “மே மாசம் போலாம்னு இருக்கோம். அவளோட இடத்தை நீங்கதான் காட்டணும்” என்றார். இதைத் தொலைபேசியில் கதைக்க ஏலாது, வீட்டுக்கு வாறன் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சட்டனுக்குப் போனேன். சாமி அலமாரிக்குக் கீழே, சந்தன நிறச் சால்வை சுற்றிய குடுவையில் உன்னை வைத்திருந்தார்கள். சால்வை நான் உனக்குத் தந்தது.

ஓடையில் கரைக்க வேண்டாம் என்று என்னால் இயன்றவரை மெதுவாகச் சொன்னேன். அண்ணை முழுக்கக் கேட்டார்.

“ஓடற தண்ணிதானே? காவிரில கரைக்கிறோம், கங்கைல கரைக்கிறோம். ஒண்ணும் ஆகலையே.”

“அண்ணை, அது கணுக்கால் அளவுத் தண்ணி. மே மாதத்தில பாதியும் கல்லுத்தான். சாம்பல் ஓடாது, கல்லில படிஞ்சு நிற்கும். அந்தக் கல்லில இருக்கிறதுகள் செத்துப்போகும். கரையில போட்டாலும் அதுதான்.”

நந்தினி என் பக்கம் திரும்பினாள். என்னைச் சித்தி என்று கூப்பிடப் பழக்கியவள் நீ. ஆன்டி என்று கூப்பிட்டால் லண்டனில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றாய். அந்தப் பிள்ளை இப்போது என்னைப் பார்த்த பார்வையில் சித்தி இல்லை.

“அம்மா கேட்டது இது ஒண்ணுதான். வேற எதுவுமே கேக்கல. ப்ளீஸ், சித்தி.”

“எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா அங்க வேண்டாம்.”

அண்ணை எழுந்து நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். “ஒரு பாசிக்கு இருக்கிற மரியாதை என் பொண்டாட்டிக்கு இல்லையாம்மா?”

இருபத்தைந்து வருடம் உன்னோடு குடும்பம் நடத்திய மனிதர் அழுதுகொண்டு கேட்கிறார், நான் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேநீர் ஆறி ஆடை படிந்துவிட்டது. நீங்கள் வழி காட்டாவிட்டால் நாங்களே தேடிப் போவோம் என்று நந்தினி ஆங்கிலத்தில் சொன்னாள். போவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஓடை அகப்படாவிட்டால் வேறு ஏதாவது ஓடையில் போடுவார்கள், அங்கேயும் பாசியோ பன்னமோ யாராவது இருப்பார்கள். “நானும் வாறன்” என்றேன். “ஆனா அங்க போய்ப் பார்க்கும்வரைக்கும் மூடியைத் திறக்காதேங்கோ.” அண்ணை தலையாட்டினார். நந்தினி ஆட்டவில்லை.

காரில் போனோம். வழி நெடுக ஒருவரோடொருவர் தண்ணீர்ப் போத்தலுக்கும் பாதைக்கும் மட்டும் பேசினோம். மறுநாள் காலை, பள்ளத்தாக்கின் வாயில், கார் நிறுத்துமிடத்தில் இறங்கியதும் என் கை தன்பாட்டில் பையைத் திறந்து பல்துலக்கியை எடுத்துவிட்டது. பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். அண்ணையின் பூட்ஸ் இதற்கென்றே வாங்கியவை, விலைச்சீட்டை முதல்நாள்தான் பிய்த்தார். “புதுசும்மா, மண்ணே படல” என்றார். “கழுவுங்கோ அண்ணை” என்றேன். பாவம், அந்த வயதில் கல்லில் உட்கார்ந்து புதுப் பூட்ஸைத் தேய்த்தார். மடியில் நீ இருந்தாய். நந்தினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தன்னுடையதைத் தேய்த்தாள். மருந்து காயும்வரை மூவரும் காத்திருந்தோம்.

ஓடையில் தண்ணீர் நான் நினைத்ததைவிடக் குறைவு. அந்த வசந்தத்தில் மழையே இல்லை. ஓல்டர்கள் தளிர்விட்டிருந்தன, பேர்ச் மெல்லிய பச்சையாக நின்றது, மேலே பைன்கள் வழக்கம்போல் கறுத்து. அண்ணை ஒரு பாறையில் அமர்ந்து நெடுநேரம் பார்த்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வருடமும் நீ கூப்பிட்டாயாம், ஒவ்வொரு வருடமும் அவருக்கு ஆஸ்பத்திரி வேலை இருந்ததாம். “அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லிட்டே இருந்துட்டேன்” என்றார். நான் கேட்காமலே சொன்னார்.

நந்தினி தனியாக மேலே ஏறிப் போனவள், “ஆ” என்று கத்தினாள். ஓடிப் போனோம். பைன்களின் கீழே நின்று உள்ளங்கையை உதறிக்கொண்டிருந்தாள், தோலெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. நெட்டில். சரிவில் சறுக்கும்போது கையை ஊன்றியிருக்கிறாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “இது இங்க மட்டும் ஏன் இருக்கு?” என்று கேட்டாள். உன் மகள்தான். அவர்களிடம் சொல்லாமல் விட்டிருந்த கதை அது, பயமுறுத்துவதாக இருக்குமே என்று. இப்போது சொன்னேன். நீ தொப்பியைக் கழற்றியதையும் சொன்னேன். ரயிலில் நீ சொன்னதையும் சொன்னேன்.

இதைக் கேட்டால் அவள் ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அழத் தொடங்கினாள். “இந்த ஆளுக்கு ஒரு அடையாளமாவது இருக்கு சித்தி. இங்க ஒருத்தர் இருக்கார்னு அம்மாவுக்கே தெரிஞ்சுது. அம்மாவுக்கு அதுகூட வேண்டாமா? நாங்க வந்தா எதைப் பார்க்கிறது?”

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவள் மூடியைத் திறந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். சால்வையைப் பிரித்துக் குடுவையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அண்ணை நின்றார். மூடியில் அவர் கை இருந்தது.

“காலைல பூட்ஸ் கழுவச் சொன்னீங்களே” என்றார் என்னிடம். “அது அவளோட பழக்கமா?”

“ஓம் அண்ணை. கழுவாம ஒருத்தரையும் உள்ள விடமாட்டாள்.”

“புது பூட்ஸைக்கூட?”

“புதுசைத்தான் முதலில கழுவச் சொல்லுவாள். கடையில எத்தனை பேர் போட்டுப் பார்த்திருப்பாங்களோ எண்டு.”

அவர் சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரிப்பு முடியும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. “கால்ல ஒட்டின மண்ணையே உள்ள விடாதவ” என்றார். சால்வையை மறுபடி குடுவையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நந்தினியின் தோளில் கை போட்டு, “இந்தத் தண்ணி எங்கம்மா போகுது?” என்று என்னைக் கேட்டார்.

“கடலுக்கு.”

“அப்ப அங்க போவோம்.”

ஓடை ஆறாகி, ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கடல்நீர் இறங்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஐயர் இல்லை, தர்ப்பை இல்லை. அண்ணை காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். தெரிந்த நாலு வரியைச் சொன்னார், நடுவில் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நந்தினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ வெள்ளையாகத் தண்ணீரில் சற்றுத் தூரம் போனாய், பிறகு எது நீ, எது கடல் என்று தெரியவில்லை. நான் கரையிலேயே நின்றேன். கூப்பிட்டார்கள், போகவில்லை. தடுத்தவளுக்கு அந்த உரிமை இல்லை என்று பட்டது.

ஜூலையில் வேலைக்காக மறுபடி ஓடைக்குப் போனேன். உன் இடத்துக்கு அமைப்பு வேறொருவரை அனுப்பியிருந்தது. அதிகம் பேசாத ஸ்கொட்லாந்துக்காரர், நல்ல மனிதர், கெட்டிக்காரர். விரலை ஒரே சமயத்தில் நீட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். முதல் செடிக்கே இருவரும் ஒரே அளவை நீட்டினோம். அவருக்குச் சந்தோஷம். எனக்கு அழுகை வந்தது, கொசு கண்ணுக்குள் போய்விட்டது என்று சொன்னேன்.

பிறகு நான் அந்தக் கரை முழுக்க மண்டியிட்டுத் தேடினேன். பாறை பாறையாக, ஓல்டர் வேர் இடுக்கெல்லாம், பைனின் கீழே அங்குலம் அங்குலமாக. வழக்கத்தைவிட நுணுக்கமாகப் பார்க்கிறீர்களே என்றார் அவர். வேலை அப்படி என்றேன். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அண்ணையோ நந்தினியோ நான் பார்க்காத நேரத்தில் ஒரு சிட்டிகையாவது போட்டிருக்க மாட்டார்களா என்றுதான் தேடினேன். எங்காவது பாசி கொஞ்சம் கருகியிருக்காதா, முளைக்கக் கூடாத ஒன்று முளைத்திருக்காதா என்று தேடினேன்.

எதுவும் இல்லை. பாசி முன்பிருந்த அளவுக்கே இருந்தது. பன்னம், ரோவன், பைன் எல்லாம் அவரவர் இடத்தில் அவரவர் இருந்தார்கள். நீ அங்கே இல்லை. நீ அங்கே எங்கேயுமே இல்லை.

ஊருக்குள் வந்து தொலைபேசி வேலை செய்யத் தொடங்கியதும் நந்தினியைக் கூப்பிட்டேன். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் பேசியிருக்கவில்லை. “எல்லாம் அப்படியே இருக்கு பிள்ளை” என்றேன். “நல்லது சித்தி” என்றாள். “அடுத்த வருஷமும் போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

சொல்வேன். முழங்கால் ஒத்துழைக்கும்வரை ஒவ்வொரு கோடையும் போவேன். உன்னைத் தேடுவேன், நீ இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வேன், உன் மகளைக் கூப்பிட்டு எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று சொல்வேன்.